2013 இன்னோவாவா, 2016 கிரிஸ்டாவா, 2019 எர்டிகாவா?

கேள்வி: வணக்கம் ஐயா. ஈரோடு பக்கம் பள்ளி ஆசிரியராக இருக்கிறேன். வீட்டில் நான், மனைவி, 11 வயதிலும் 6 வயதிலும் இரண்டு பிள்ளைகள், அப்பா, அம்மா என்று ஆறு பேர். அப்பாவுக்கு மூட்டுவலி. மாதம் ஒரு தடவை பழனி, வருஷத்துக்கு இரண்டு தடவை சிவகங்கைப் பக்கம் குலதெய்வம் கோயில், மற்றபடி ஊருக்குள் ஓட்டம். வருஷத்துக்கு 9,000 கிலோமீட்டரைத் தாண்டாது. கையில் 9 லட்சம் இருக்கிறது, இழுத்துப் பிடித்தால் 10. நான்கு பழைய வண்டிகள் பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று, டாக்டர் ஒருவர் முதல் ஓனராக வைத்திருக்கும் 2013 இன்னோவா ஜி.எக்ஸ்., 1,68,000 கி.மீ., 7.4 லட்சம். இரண்டாவது, தில்லிப் பதிவு 2015 இன்னோவா, 95,000 கி.மீ., 6.2 லட்சம். மூன்றாவது, 2016 கிரிஸ்டா டீசல், இரண்டாவது ஓனர், 82,000 கி.மீ., 10.2 லட்சம். நான்காவது, சென்னை வேளச்சேரியில் நிற்கும் 2019 எர்டிகா பெட்ரோல், 54,000 கி.மீ., 8.3 லட்சம். மச்சான் கிரிஸ்டாவை விடாதே என்கிறார். அப்பாவுக்குப் பழைய இன்னோவா மேல்தான் நம்பிக்கை. மனைவி எர்டிகா போதும் என்கிறாள். ஆர்.சி., வரி ரசீது நகல்களை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். எந்த வருஷ மாடல் நல்ல மாடல்?

பதில்: சார், என் பட்டறைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் இதே கேள்வியோடுதான் வருகிறார்கள். நீங்கள் காங்கேயத்துக்குப் பக்கத்து ஆள், கண்ணபுரம் சந்தை பார்த்திருப்பீர்கள். அங்கே மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்த்து வயது சொல்வார்கள். ஆனால் விவரமான ஆள் அதோடு நிற்க மாட்டார், கழுத்தையும் தடவிப் பார்ப்பார். பாரம் இழுத்த மாடா, தொழுவத்தில் நின்ற மாடா என்பது அங்கேதான் தெரியும். நீங்கள் நான்கு வண்டிக்கும் பல்லை மட்டும் பார்த்துவிட்டு எனக்கு எழுதியிருக்கிறீர்கள். நல்ல வேளையாக நகல்களை வைத்து அனுப்பினீர்கள். அவற்றிலேயே பாதிக் கதை இருக்கிறது.

முதலில் "2013 மாடல்" என்ற பேச்சை எடுத்துக்கொள்வோம். ஆர்.சி.யில் வண்டி தயாரான மாதமும் இருக்கும், பதிவு செய்த தேதியும் இருக்கும். டாக்டர் வண்டி தயாரானது 2012 நவம்பர், பதிவானது 2013 பிப்ரவரி. புரோக்கர் 2013 என்று சொன்னது பொய் இல்லை, ஆனால் விலை பேசும்போது அது 2012 வண்டி. பதிவுத் தேதிக்கு வேறு உபயோகம் உண்டு. சொந்த உபயோக வண்டிக்கு ஆர்.சி. அந்தத் தேதியிலிருந்து 15 ஆண்டு செல்லும். அதற்கப்புறம் எஃப்.சி. என்ற தகுதிச் சோதனைக்குக் காட்டி, பசுமை வரி கட்டி, ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும். டாக்டர் வண்டிக்கு அந்த நாள் 2028 பிப்ரவரி. மூன்றாவதாக ஒரு தேதி இருக்கிறது, ஆயுள் வரி கட்டிய தேதி. இதை யாரும் பார்ப்பதில்லை. கிரிஸ்டாவின் குட்டு அங்கேதான் உடைந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

இன்னோவாவில் எந்த வருஷம் நல்லது என்ற கேள்விக்கு நேர்ப் பதிலும் உண்டு. குவாலிஸை நிறுத்திவிட்டு 2005 பிப்ரவரியில் டொயோட்டா இங்கே இன்னோவாவை இறக்கியது. அதில் வந்த 2.5 லிட்டர், 102 குதிரைத்திறன் டீசல் எஞ்சின்தான் 2016 வரை. 2009-இலும் 2012 தொடக்கத்திலும் முகத்தை மாற்றினார்கள், உள்ளே டேஷ்போர்டு, சீட் துணி எல்லாம் மாறின. அடியில் இருக்கும் சட்டம் அதே, எஞ்சின் அதே, கியர் பாக்ஸ் அதே. அதனால் 2012-க்கும் 2015-க்கும் நடுவே எது உசத்தி என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். நன்றாகப் பார்த்துக்கொண்ட 2012 வண்டி, கண்டபடி ஓட்டிய 2015 வண்டியைவிட எந்த நாளும் மேல்.

உண்மையான கோடு விழுவது 2016 மே மாதத்தில். அப்போது வந்த கிரிஸ்டா பெயரில்தான் இன்னோவா, மற்றபடி வேறு வண்டி. மேனுவல் கியரில் 2.4 லிட்டர், 150 குதிரைத்திறன். ஆட்டோமேட்டிக்கில் 2.8 லிட்டர், 174. வால்வுகளை நேரம் தப்பாமல் திறந்து மூட வைப்பது பழைய 2.5 எஞ்சினில் டைமிங் பெல்ட், இந்தப் புது எஞ்சின்களில் டைமிங் செயின். கேட்க சின்ன விஷயம் மாதிரி இருக்கும். பெல்ட் என்பது ரப்பர், அதற்கு ஆயுள் உண்டு. ஓடும்போது அறுந்தால் பிஸ்டனும் வால்வும் மோதி எஞ்சினைப் பிரிக்க வேண்டியதாகிவிடும். செயினுக்கு அந்தப் பயம் இல்லை. பாதுகாப்பிலும் அதே கோடுதான். கிரிஸ்டாவில் எல்லா வேரியண்டிலும் ஏ.பி.எஸ்., முன்பக்க ஏர்பேக் உண்டு. பழைய இன்னோவாவில் வேரியண்டைப் பொறுத்து இருக்கும், இல்லாமலும் இருக்கும். "2016 இன்னோவா" என்று விளம்பரம் பார்த்தால் பழையதா கிரிஸ்டாவா என்று கேளுங்கள், அந்த ஒரே வருஷத்தில் இரண்டும் பதிவாகியிருக்கின்றன.

அடுத்த கோடு 2020 ஏப்ரல். பி.எஸ். 6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தது, டீசல் வண்டிகளின் புகைப்பாதையில் புகைக்கரியைப் பிடித்து எரிக்கும் வடிகட்டி வந்தது. அது சூடேறிக் கரியை எரிக்க நெடுஞ்சாலையில் கொஞ்ச நேரம் சீராக ஓட வேண்டும். பள்ளிக்கூடம், காய்கறிச் சந்தை, வீடு என்று மூன்று மூன்று கிலோமீட்டராக ஓடினால் அடைத்துக்கொண்டு டேஷ்போர்டில் விளக்கு எரியும். உங்கள் பட்டியலில் பி.எஸ். 6 டீசல் எதுவும் இல்லை, விட்டுவிடலாம். நாளைக்கு யாராவது 2021 டீசல் ஒன்று மலிவாக இருக்கிறது என்று வந்தால் இது ஞாபகம் வரட்டும்.

டீசல் என்றதும் இன்னொரு கணக்கையும் முடித்துவிடுவோம். டீசல் எடுத்தால் மிச்சம் என்பது மாதம் 2,000, 3,000 கிலோமீட்டர் ஓட்டுகிறவன் பேச்சு. நீங்கள் வருஷத்துக்கு 9,000. இன்னோவா ஊரும் நெடுஞ்சாலையும் கலந்து லிட்டருக்கு 12 கொடுத்தால் 750 லிட்டர். டீசல் 93 ரூபாய் என்று வைத்தால் சுமார் 70,000. எர்டிகா பெட்ரோல் 14 கொடுக்கும் என்று குறைத்தே போடுகிறேன். இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல், 2019 வண்டி அதற்காகச் செய்ததில்லை, மைலேஜ் கொஞ்சம் அடிவாங்கும். அப்படியும் 643 லிட்டர், 101 ரூபாய் விலையில் சுமார் 65,000. அதோடு டீசல் எஞ்சினுக்கு இன்ஜெக்டர், டர்போ, எரிபொருள் பம்ப் என்று வயசான காலத்து மருத்துவச் செலவு தனி.

இனி வண்டி வண்டியாக வருகிறேன். உங்கள் மச்சான் கோபித்துக்கொண்டாலும் கிரிஸ்டாவை முதலில் தள்ளிவிடுகிறேன்.

பதிவுத் தேதி 2016 செப்டம்பர். ஆயுள் வரி கட்டிய ரசீது 2022 ஜூன். சொந்த உபயோகத்துக்கு இங்கே புதிதாக எடுத்த வண்டியென்றால் பதிவு செய்யும்போதே ஆயுள் வரி கட்டியிருக்க வேண்டும். ஆறு வருஷம் கழித்துக் கட்டியிருந்தால் இரண்டில் ஒன்று: வேறு மாநிலத்திலிருந்து வந்திருக்க வேண்டும், அல்லது டி போர்டாக, அதாவது வாடகை வண்டியாக, ஓடி ஓன் போர்டுக்கு மாறியிருக்க வேண்டும். நம்பர் ஆரம்பத்திலிருந்தே தமிழ்நாட்டு நம்பர், ஆகவே இது டிராவல்ஸில் ஓடிய வண்டி. அதில் தப்பு ஒன்றும் இல்லை. டி போர்டிலிருந்து மாற்றுவது சட்டப்படியே நடக்கிற காரியம், ஒழுங்காகச் சர்வீஸ் செய்த டிராவல்ஸ் வண்டிகளை நானே ஆள் பார்த்து வாங்கிக் கொடுத்திருக்கிறேன். தப்பு அந்த 82,000-இல் இருக்கிறது. 2016 செப்டம்பரிலிருந்து 2022 ஜூன் வரை ஏறக்குறைய 70 மாதம். கொரோனாவில் நின்ற காலத்துக்கு 10 மாதம் கழியுங்கள். மாதம் 3,500 கிலோமீட்டர் என்று போட்டாலும், டிராவல்ஸ் வண்டிக்கு அது குறைச்சல்தான், 2,10,000 ஆகிவிட்டது. அதற்குப் பிறகு இந்த ஓனர் ஓட்டியது தனி. மீட்டரைத் திருப்பியிருக்கிறார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

கண்ணாலும் பார்க்கலாம். கிளட்ச் பெடலின் ரப்பர் வழுவழுப்பாகத் தேய்ந்திருக்கிறதா, அல்லது 82,000 ஓடிய வண்டியில் சம்பந்தமே இல்லாமல் புத்தம் புது ரப்பரா? டிரைவர் சீட்டின் வலது ஓரம், ஏறி இறங்கும் பக்கம், உட்கார்ந்து அமுங்கியிருக்கிறதா? பின் சீட் பெல்ட் பக்கிள்கள் கீறிப் போயிருக்கின்றனவா? சொந்த வண்டியில் பின்னால் யார் பெல்ட் போடுகிறார்கள் என்கிறீர்களா, அதுவும் சரிதான். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும், எத்தனையாவது வாரம், எந்த வருஷம் தயாரானது என்று. மீட்டர் சொல்லும் ஓட்டத்துக்கு அது பொருந்துகிறதா என்று பாருங்கள். கம்பெனி சர்வீஸ் சென்டரில் ஓனரை வைத்துக்கொண்டு வண்டியின் சர்வீஸ் வரலாற்றைக் கேளுங்கள். ஒவ்வொரு வருகைக்கும் கிலோமீட்டர் பதிந்திருப்பார்கள். ஃபாஸ்டேக் கணக்குச் சுருக்கத்தைக் காட்டச் சொல்லலாம், எத்தனை சுங்கச்சாவடி தாண்டியது என்று தெரியும். காட்ட மாட்டேன் என்றால் அதுவும் ஒரு தகவல்தான்.

எனக்கு இதில் சூடுபட்ட கதை உண்டு. 2008-இல் எங்கள் வீட்டுக்கு ஒரு குவாலிஸ் வாங்கினேன். மெக்கானிக்காகப் பத்து வருஷம் கழித்தவன், எனக்கென்ன என்ற திமிர். மீட்டரில் 74,000. எஞ்சின் சத்தம் அருமை. ஆறு மாதம் கழித்து டிரைவர் சீட்டைக் கழற்றினால், தரைவிரிப்புக்கு அடியில் ஒரு பழைய ஆயில் மாற்றிய அட்டை கிடக்கிறது. அடுத்த ஆயில் 2,14,000-இல் என்று பேனாவில் எழுதியிருக்கிறது. விற்றவர் என் கடைக்கு நாலு கடை தள்ளி இருந்தவர். இப்போதும் வழியில் பார்த்தால் சிரிப்பார்.

உண்மையான கிலோமீட்டரைச் சொல்லி, 2.5 லட்சம் ஓடிய வண்டி, 8 லட்சத்துக்குத் தருகிறேன் என்று ஒருவர் சொன்னால் நான் கிரிஸ்டாவைப் பற்றி வேறு மாதிரி எழுதியிருப்பேன். அந்த எஞ்சின் அந்த ஓட்டத்தைத் தாங்கும். மீட்டரைத் திருப்பியவர் வேறு எதை மறைத்தார் என்பதை நாம் கண்டுபிடித்துத் தீராது என்பதால்தான் வேண்டாம் என்கிறேன்.

தில்லி வண்டிக்கு வருவோம். இதன் விலை ஏன் இறங்கியிருக்கிறது என்று உங்களுக்குக் குழப்பமாக இருந்திருக்கும். 2015-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தில்லி வட்டாரத்தில் 10 ஆண்டைத் தாண்டிய டீசல் வண்டிகள் ஓடக் கூடாது என்றது, 2018-இல் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. அப்புறம் அது எத்தனையோ இழுபறியைப் பார்த்துவிட்டது. ஆனாலும் பத்தாவது வருஷம் நெருங்கியதும் அங்கே டீசல் வண்டியின் விலை விழுவது நிற்கவில்லை. அப்படி விழுந்த இன்னோவாக்கள் லாரி ஏறித் தெற்கே வருகின்றன. ஓட்டம் குறைவாக, நல்ல நிலையில் இருப்பவையும் அவற்றில் உண்டு.

ஆனால் 6.2 லட்சம் என்பது உங்கள் கையில் வந்து சேரும் விலை இல்லை. வேறு மாநிலப் பதிவெண்ணோடு 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருக்க முடியாது. தில்லியிலிருந்து என்.ஓ.சி. என்ற தடையில்லாச் சான்று, அதாவது படிவம் 28, வர வேண்டும். இங்கே மறுபதிவு செய்து, வண்டியின் வயதுக்கு ஏற்ற ஆயுள் வரி கட்டிப் புது நம்பர் வாங்க வேண்டும். நம்பர் புதிதானாலும் பதிவுத் தேதி பழையதுதான், 15 ஆண்டுக் கணக்கு அங்கிருந்தே ஓடும். வரி எவ்வளவு என்பதை வண்டியின் விவரத்தோடு உங்கள் ஆர்.டி.ஓ. ஆபீஸில் முன்னாலேயே கேட்டுவிடுங்கள். புரோக்கர் சொல்லும் தொகையை நம்பாதீர்கள், அவர் எப்போதும் குறைத்துத்தான் சொல்வார். இதில் எனக்குப் பெரிய பயம் தாள்களைப் பற்றி. தில்லி ஓனர் கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுத்த வெற்றுப் படிவங்களை வைத்துக்கொண்டு வண்டி மூன்று கை மாறி வந்திருக்கும். ஏதாவது சிக்கல் என்றால் நீங்கள் யாரைத் தேடிப் போவீர்கள்? தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் இணையதளத்தில் அது திருட்டு வண்டியா என்று பார்க்க வழி இருக்கிறது. அதைப் பார்த்து, எஞ்சின் நம்பரையும் சேஸிஸ் நம்பரையும் ஆர்.சி.யோடு ஒப்பிட்டு, மறுபதிவு முடித்துத் தமிழ்நாட்டு நம்பரோடு தருவதாக இருந்தால் மட்டும் பேசுங்கள். அப்படித் தருகிறவர் 6.2-க்குத் தர மாட்டார். ஏழுக்கு மேல் போய்விடும். அப்புறம் பக்கத்திலேயே இருக்கும் டாக்டர் வண்டியை விட்டு இதற்குப் போக வேண்டிய அவசியம் என்ன?

டாக்டர் வண்டி எனக்குப் பிடித்திருக்கிறது. ஒரே ஓனர், அவர் கையெழுத்தை அவரிடமே வாங்கலாம், 1,68,000 என்று உள்ளதைச் சொல்கிறார். 12 வருஷத்துக்கு மேல் ஓடிய ஒரு குடும்ப வண்டிக்கு அது இயல்பான எண்.

கேட்க வேண்டிய முதல் கேள்வி டைமிங் பெல்ட். "எப்போது மாற்றினீர்கள், பில் இருக்கிறதா?" மாற்றியாச்சு என்று வாயால் சொல்வது போதாது. நான் 1 லட்சத்தில் மாற்றச் சொல்வேன், சிலர் 1.5 லட்சம் வரை விடுவார்கள். 1,68,000-இல் பில் இல்லையென்றால் மாற்றவே இல்லை என்று வைத்து விலையைக் குறையுங்கள், வாங்கிய வாரமே, பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரோடு சேர்த்து மாற்றிவிடுங்கள். பழனி பிறகு போய்க்கொள்ளலாம்.

பார்க்கப் போகும்போது காலை 7 மணிக்குப் போங்கள். வருவதற்கு முன் ஸ்டார்ட் பண்ண வேண்டாம் என்று சொல்லி வையுங்கள், போனதும் பானட்டில் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் யாரோ முன்னாலேயே எழுப்பி வைத்திருக்கிறார்கள். குளிர்ந்த எஞ்சின்தான் உண்மை பேசும். முதல் சாவியிலேயே பிடிக்கிறதா, வெள்ளைப் புகை எவ்வளவு நேரம் வருகிறது, டக்டக் என்ற தட்டல் சூடானதும் அடங்குகிறதா என்று கவனியுங்கள். அடங்காவிட்டால் இன்ஜெக்டரைச் சந்தேகப்பட வேண்டும். நாலு இன்ஜெக்டரும் போனால் பில் லட்சத்தை எட்டிப் பார்க்கும். எஞ்சின் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். லேசான ஆவி பரவாயில்லை. குப்குப் என்று புகை தள்ளினால் உள்ளே தேய்மானம், கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள். ஏ.சி.யைப் போட்டுவிட்டுக் கடைசி வரிசையில் பத்து நிமிஷம் உட்காருங்கள். இன்னோவாவின் பின்பக்கக் கூலிங் காயில் கசிவது சாதாரணம், முன்னால் உட்கார்ந்து பார்க்கிறவருக்கு அது தெரியாது. வேகத்தடையில் ஏற்றி இறக்கும்போது முன்னால் லொடலொட என்றால் லோயர் ஆர்ம் புஷ், பால் ஜாயின்ட். அது ஆயிரங்களில் முடிகிற வேலை, விலையில் கழித்துக்கொள்ளலாம். குழியில் நிறுத்தி அடிச் சட்டத்தைப் பாருங்கள். அதில் வெல்டிங் வைத்த தடமோ, ஒரு பக்கம் மட்டும் புதுக் கறுப்பு பெயின்டோ இருந்தால் பேச்சு முடிந்தது.

இக்னிஷன் போட்டதும் ஏர்பேக் விளக்கு எரிந்து சில நொடியில் அணைய வேண்டும். எரியவே இல்லையென்றால் இரண்டு அர்த்தம். அந்த வண்டியில் ஏர்பேக்கே கிடையாது, அல்லது எப்போதோ வெடித்ததை மாற்றாமல் விளக்கின் ஒயரைப் பிடுங்கிவிட்டார்கள்.

எல்லாம் சரியாக இருந்தால் 2012 தயாரிப்பு என்பதைச் சொல்லி, பெல்ட் பில்லையும் கேட்டு, 6.7 லட்சத்தில் ஆரம்பியுங்கள். 6.9-க்கு முடிந்தால் நல்ல பேரம்.

இனி எர்டிகா. உங்கள் மனைவி சொன்னதுதான் என் முதல் தேர்வும். காரணம் நீங்கள் கடிதத்தில் எழுதிய ஒரே ஒரு வரி: அப்பாவுக்கு மூட்டுவலி. இன்னோவா சட்டத்தின் மேல் பாடி உட்கார்ந்த வண்டி, தரை உயரம், ஏறித்தான் உட்கார வேண்டும். படி வைத்தாலும் ஒரு காலில் முழு எடையையும் தூக்க வேண்டும். எர்டிகாவில் நாற்காலியில் உட்காருவது போலப் பின்பக்கமாகவே உட்கார்ந்து காலை உள்ளே எடுத்துக்கொள்ளலாம். இதை நம்ப வேண்டாம், அப்பாவைக் கூட்டிப்போய் இரண்டிலும் மூன்று மூன்று தடவை ஏறி இறங்கச் சொல்லுங்கள்.

நீங்கள் பார்த்திருப்பது 2018 நவம்பரில் வந்த இரண்டாம் தலைமுறை, 1.5 லிட்டர் பெட்ரோல். எல்லா வேரியண்டிலும் இரண்டு ஏர்பேக், ஏ.பி.எஸ்., நடுவரிசையில் குழந்தை சீட் மாட்டும் ஐசோஃபிக்ஸ் கொக்கி உண்டு. ஆகா ஓகோ என்று சொல்ல மாட்டேன், 2019-இல் குளோபல் என்கேப் மோதல் சோதனையில் மூன்று நட்சத்திரம்தான் வாங்கியது. மூன்றாவது வரிசையும் விரித்திருந்தால் பின்னால் 209 லிட்டர் இடம், நாலு பைகளுக்குத்தான் காணும். ஆனால் நீங்கள் ஆறு பேர், ஏழு இல்லை. கடைசி வரிசை இரண்டு பாதியாக மடங்கும். பெரிய பிள்ளையை ஒரு பாதியில் உட்கார வைத்து மறுபாதியை மடக்கினால் சிவகங்கைப் பயணத்துக்குப் பொங்கல் பானை வரைக்கும் ஏறிவிடும். அப்பா முன்னால், அம்மாவும் மனைவியும் சின்னவனோ சின்னவளோ நடுவில். ஆறு பேரோடு ஏ.சி. போட்டுக் கொடைக்கானல் ஏறினால் இரண்டாவது கியரில் முனகும், அதையும் சொல்லிவிட வேண்டும். பழனி, சிவகங்கைச் சாலைகளுக்கு அந்தக் கவலை இல்லை.

ஒரே ஒரு முள். வேளச்சேரி வண்டி என்கிறீர்கள். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் அந்தப் பக்கம் நின்ற வண்டிகள் எப்படி முழுகின என்று டி.வி.யில் பார்த்திருப்பீர்கள். மாடியில் நிறுத்திய வண்டியும் இருக்கலாம், மேம்பாலத்தில் ஏற்றி விட்ட வண்டியும் இருக்கலாம். விசாரிக்காமல் விட முடியாது. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுங்கள், வெளியே தெரியாத அந்தக் கடைசி ஒரு முழத்தில் சேற்றுக்கறை நிற்கும். முன் சீட்டுக்கடியில் கைவிட்டு, சீட் நகரும் தண்டவாளத்தைத் தடவினால் துருவா என்று தெரியும். தரைவிரிப்பின் ஓரத்தைத் தூக்கி மோந்து பாருங்கள். வாசனைத் திரவியம் தூக்கலாக அடித்தால் அதிகமாக மோந்து பாருங்கள். ஹெட்லைட் கண்ணாடிக்குள் நீர்க்கோடு, ஃப்யூஸ் பெட்டிக்குள் பச்சை பூத்த முனைகள், ஸ்டெப்னி இருக்கும் இடத்தில் வண்டல். இந்த எர்டிகாவில் சாதாரண பேட்டரியோடு சின்ன லித்தியம் பேட்டரியும் ஒன்று உண்டு, அதன் நிலைமையை ஸ்கேனர் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். கடைசியாக, 2023 டிசம்பரிலும் 2024 தொடக்கத்திலும் இன்சூரன்ஸ் கிளெய்ம் ஏதாவது வாங்கினார்களா என்று ஓனரிடம் நேராகக் கேட்டு, பழைய பாலிசியையும் அடுத்த பாலிசியையும் சேர்த்து வாங்கிப் பாருங்கள். நோ கிளெய்ம் போனஸ் திடீரென்று பூஜ்யமாகியிருந்தால் ஏதோ நடந்திருக்கிறது. முழுகிய வண்டி என்று தெரிந்தால் 5 லட்சத்துக்குக் கொடுத்தாலும் வேண்டாம், ஒயரிங்கில் பிடித்த ஈரம் வருஷக்கணக்கில் வேலை வைக்கும்.

தாள் வேலை எதை வாங்கினாலும் ஒன்றுதான். அரசின் பரிவாகன் தளத்தில் நம்பரைப் போட்டு எத்தனையாவது ஓனர், கடன் இருக்கிறதா, அபராதம் பாக்கியா என்று பாருங்கள். கடன் இருந்தால் வங்கியின் என்.ஓ.சி.யும், ஆர்.சி.யில் கடனை நீக்குவதற்கான படிவம் 35-உம் கைக்கு வரும் முன் பணம் போகக் கூடாது. பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து உங்கள் முன்னால். பெயர் மாற்றம் நடந்த 14 நாளுக்குள் இன்சூரன்ஸையும் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பித்துவிடுங்கள். பெயர் மாறும் வரை 20,000 ரூபாயையாவது நிறுத்தி வையுங்கள். நல்ல மனிதர் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

ஆக, இந்தச் சனிக்கிழமை சென்னைக்கு ஒரு மெக்கானிக்கோடு போய் எர்டிகாவின் தரைவிரிப்பைத் தூக்கிப் பாருங்கள். தண்ணீர் பார்க்காத வண்டியாக இருந்தால் 7.8 கேட்டு 8-க்கு முடித்துவிடலாம். மிச்சத்தில் நாலு டயரும் ஒரு குழந்தை சீட்டும் வாங்குங்கள். கதை வேறு மாதிரி இருந்தால் ஊருக்குத் திரும்பி, ஞாயிற்றுக்கிழமை காலை 7 மணிக்கு டாக்டர் வீடு. அப்பாவையும் கூட்டிக்கொண்டு போங்கள், இன்னோவா என்றால் படியைச் சமாளித்துக்கொள்வேன் என்றுதான் அவர் சொல்வார். நீங்கள் அவர் முகத்தைப் பார்க்காதீர்கள், ஏறும்போது கதவுக் கைப்பிடியை எவ்வளவு இறுக்கிப் பிடிக்கிறார் என்று பாருங்கள். மச்சானிடம் அந்த 2022 வரி ரசீதைக் காட்டினால் போதும், வேறொன்றும் சொல்ல வேண்டாம்.